முற்பணக் கொப்பியின் இடப்பக்கம்: திருகோணமலை பேக்கரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். இங்கே பதிவு செய்வது 2023 மே முதல் 2025 நடுப்பகுதி வரை ஒரு பேக்கரியில் நடந்தது. கடையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எழுதவில்லை. முதலாளியும் அங்கே இப்போது வேலை செய்பவர்களும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்கள் நிற்கிறார்களில்லை என்று புலம்பும் முதலாளிமாரை மாதம் ஒருவரையாவது சந்திக்கிறேன். அவர்களில் யாருக்காவது இது பயன்படலாம்.

பின்னணி

கடை நகரத்துக்குள் இருக்கிறது. இப்போதைய முதலாளியின் தகப்பன் தொடங்கியது. இன்றைக்கும் விறகுப் போறணையில்தான் பாண் போடுகிறார்கள். 2023 தொடக்கத்தில் 16 பேர் இருந்தார்கள்: மா குழைத்துப் போறணை பார்ப்பவர்கள் 6 பேர் (அவர்களில் இருவர் பாஸ்மார், அதாவது கைதேர்ந்த மூத்த வேலைக்காரர்), பணிசும் கேக்கும் செய்பவர்கள் 2 பேர், பொதி கட்டும் பெண்கள் 4 பேர், பாட்டுப் போட்டுத் தெருத் தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ ஓட்டுபவர்கள் 3 பேர், கடை மேசையில் ஒருவர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லாரும் கலந்த இடம். போறணைக்காரரில் ஒருவர் அட்டனிலிருந்து வந்தவர், இன்னொருவர் மூதூர்.

வேலை இரவு 8 மணிக்குத் தொடங்கும். மா குழைத்து, பொங்க வைத்து, வெட்டி, அச்சில் போட்டு, 1 மணிக்குப் போறணை வாய் திறக்கும். 3 மணிக்குப் பொதி கட்டும் பெண்கள் வருவார்கள். 4.30க்கு ஆட்டோக்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு உவர்மலைக்கும் பாலையூற்றுக்கும் சாம்பல்தீவுக்கும் புறப்படும். போறணைக்காரர் காலை 6 மணிக்குக் குளித்துவிட்டுப் பின்னாலுள்ள அறையில் படுப்பார்கள். தகரக் கூரை போட்ட அறை அது. ஒரேயொரு காற்றாடி, அதுவும் ஒரு மூலையில்.

முதலாளி கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. ஒரு பாஸின் மனைவிக்கு நோய் வந்தபோது தன் வாகனத்திலேயே கொழும்புக்குக் கொண்டுபோனவர். வேலையாட்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்திக்குப் பாண் அனுப்பி, தானும் போய் நிற்பவர். யார் கேட்டாலும் முற்பணம் கொடுப்பார். தீபாவளிக்கு, நோன்புப் பெருநாளுக்கு, சித்திரை வருடத்துக்கு, பள்ளிக்கூடக் கொப்பி வாங்க என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். அது ஒவ்வொன்றும் ஒரு தடித்த சி.ஆர். கொப்பியில் ஆளுக்கொரு பக்கமாக ஏறியது.

2022இல் நடந்தது

பொருளாதார நெருக்கடியின் அந்த ஆண்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிரீமா மா ஆலை சீனன்குடாவில், குடாவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் மா கிடைக்காத நாட்கள் வந்தன. பெற்றோல் வரிசையில் ஆட்டோக்கள் நாட்கணக்கில் நின்றன. எரிவாயுவை நம்பியிருந்த பேக்கரிகள் மூடியபோது இந்த விறகுப் போறணை எரிந்தது. எரித்தவர்கள் அந்த ஆறு பேர். மின்சாரம் இல்லாத இரவுகளில் இயந்திரம் ஓடாது, கையால் குழைத்தார்கள். பஸ் இல்லாதபோது சைக்கிளில் வந்தார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அரைச் சம்பளம். “பிறகு பார்த்துத் தாறன்” என்றார் முதலாளி. ஒருவரும் போகவில்லை.

அரைச் சம்பளம் கொப்பியில் எழுதப்படவில்லை. கொப்பி முற்பணத்துக்கானது.

என்னைக் கூப்பிட்ட காரணம்

2023 ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஐந்து பேர் போனார்கள். ஏழு வருடம் நின்ற ஒரு பாஸும் அவர்களில் ஒருவர். மே மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டது அதற்காக அல்ல. போனவர்கள் திருப்பித் தராத முற்பணத்தைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று கேட்கத்தான்.

“தம்பி, உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு சொல்லுவினம். இவங்கள் நான் போட்ட உப்பு கரையிறதுக்கு முதலே போட்டாங்கள்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கர்ணன் செஞ்சோற்றுக் கடனுக்கு உயிரைக் குடுத்தான். இவங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போகக்கூட மனமில்லை” என்றும் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. அது நடிப்பில்லை.

எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நெருக்கடியில் போகாதவர்கள் நெருக்கடி தணிந்த பிறகு ஏன் போனார்கள்? கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

கண்டவை

மூன்று வேலை செய்தேன்: கொப்பிகளைப் படித்தேன், போனவர்களில் இருவரைத் தேடிப் பேசினேன், சில இரவுகள் போறணைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

போனவர்களில் ஏழு வருட பாஸ் நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் இருந்தார். “அங்கயும் பெரிய சம்பளம் ஒண்டுமில்லை, அண்ணை. ஆனா ராவில வீட்டில படுக்கிறன்” என்றார். பிறகு அரைச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். “கேக்கலாம்தான். கேட்டா, நீ எனக்கு எவ்வளவு தரவேணும் எண்டு கொப்பியைத் திறப்பார். ஏன் பிரச்சினை?” கடன்காரராக நின்று தன் சம்பளத்தைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் போனதும் அதனால்தான். சொன்னால் கொப்பி திறக்கும்.

மற்றவர் பகலில் தூங்க முடியாததைச் சொன்னார். முதலில் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஜூன் மாதம் ஒரு நாள் காலை 11 மணிக்கு அந்த அறைக்குள் போனேன். கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்த காலம். தகரத்துக்குக் கீழே நின்ற பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இரவு முழுக்கப் போறணை வாயில் நின்ற மனிதர்கள் ஈரச் சாரத்தை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒருவரும் தூங்கவில்லை.

பாஸ் போனதன் விலை ஜூலையில் தெரிந்தது. கச்சான் அடிக்கும் நாட்களில் மா வேகமாகப் பொங்கும். தெரிந்த கை ஈஸ்ட்டைக் குறைக்கும், ஐஸ் தண்ணீரில் குழைக்கும், சில இரவுகளில் குழைக்கும் நேரத்தையே தள்ளிவைக்கும். மார்கழி மழையில் எல்லாம் தலைகீழ். இதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்த மனிதரின் உள்ளங்கையில் இருந்தது. புதிதாக வந்தவர் எப்போதும் போடும் அளவையே போட்டார். ஒரே கிழமையில் இரண்டு இரவு மா புளித்துப்போனது. ஆட்டோக்கள் விற்காத பாணோடு திரும்பி வந்தன.

கடைசியாகக் கொப்பி. ஒருவருடைய பக்கத்தை மட்டும் சொல்கிறேன். 2018 ஜூலையில் சேர்ந்தவர், இன்னும் வேலையில் இருக்கும் பாஸ். வலப்பக்கத்தில் முற்பணம், மேலிருந்து கீழாக. கழிவுகளும் உண்டு. ஆனால் ஒவ்வொரு பண்டிகைக்கும் புதிது ஏறியதால் ஐந்து வருடத்தில் மீதி பூச்சியத்தைத் தொட்டதே இல்லை. 2023 ஜூன் முடிவில் அவர் கடைக்குத் தரவேண்டியது 85,000 ரூபாய். இடப்பக்கம் வெறுமை.

அந்த வெறும் பக்கத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று நான் கணக்குப் பார்த்தேன். 2022 ஜூன், ஜூலை அரைச் சம்பள மீதி 30,000. அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். மொத்தம் 23 வீதம். இந்தக் கடையில் 16 பேரில் 4 பேருக்கு மட்டுமே அது செலுத்தப்பட்டது. இவர் அந்த நால்வரில் இல்லை. அவரது ஐந்து வருடச் சராசரிச் சம்பளம் மாதம் 25,000. அதன் 23 வீதம் 5,750. 60 மாதத்துக்கு 345,000 ரூபாய். தாமதத்துக்கான மேலதிகக் கட்டணம் இதில் சேரவில்லை. நீண்ட நாள் நிலுவைக்கு அது 50 வீதம் வரை போகும்.

வலப்பக்கம் 85,000. இடப்பக்கம் 375,000. யார் யாருக்குக் கடன்?

இன்னொன்றும் இருந்தது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்துப் போகிறவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அது பெரிய கொம்பனிகளுக்கு என்றே முதலாளி உண்மையாக நினைத்திருந்தார். ஏழு வருட பாஸ் அது இல்லாமலே போயிருந்தார்.

முதல் தீர்மானமும் அது பிழைத்த விதமும்

இங்கே நான் தவறு செய்தேன். நிலுவைத் தொகை முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே பயம் வந்தது. முதலாளி மலைத்துப் போய் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார் என்று நினைத்து, அதைப் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்தேன். முதலில் சம்பளத்தை 10 வீதம் கூட்டவும், ஒரு வருடம் நிற்பவருக்கு ஒரு மாதச் சம்பளம் ஊக்கத்தொகை அறிவிக்கவும் சொன்னேன். செலவு குறைவு, உடனே செய்யக்கூடியது என்பது என் நியாயம்.

ஓகஸ்ட் முதல் கிழமையில் ஒரு மாலை, வேலை தொடங்குவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு முதலாளி அறிவித்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மூதூர்க்காரர் மட்டும் கேட்டார்: “இதுவும் பிறகுதானா, முதலாளி?”

செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் இன்னும் இருவர் போனார்கள். ஒரு வருட ஊக்கத்தொகையை அவர்கள் இன்னொரு கட்டாகத்தான் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் அது சரி. பழைய வாக்கு நிலுவையில் இருக்கும்போது புதிய வாக்குக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது சுற்று

ஒக்டோபரில் முழுக் கணக்கையும் முதலாளியின் முன் வைத்தேன். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் தொலைபேசி வந்தது. நிலாவெளியில் இரண்டாவது கடை திறக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை இதற்கு எடுக்கிறேன் என்றார். இதற்கு அவருடைய மனைவி காரணம் என்று பிறகு அறிந்தேன். கொப்பி எழுதியவர் அவர்தான். இடப்பக்கத்தை ஏன் வெறுமையாக விட்டோம் என்று அவரே கேட்டாராம்.

அரைச் சம்பளம் முதலில் தீர்ந்தது. நவம்பரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் பக்கத்தின் இடப்புறத்தில் கடை தரவேண்டியதை எழுதினோம். 85,000 ரூபாய் பாஸ் தன் முறை வந்ததும் “2022 ஜூன், ஜூலை” என்ற வரியில் விரலை வைத்தார். மாவும் சூடும் வெடிக்க வைத்த விரல். “இதை நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ, முதலாளி” என்றார். முதலாளி வாசித்தார். “இப்ப கையெழுத்து வையுங்கோ.” வைத்தார். அந்த 30,000ஐ முற்பணத்தில் கழிக்கலாம் என்று நான் சொல்லப்போனேன். முதலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பணமாக எண்ணிக் கொடுத்தார். சரியாகச் செய்தார். கழித்திருந்தால் அது மறுபடியும் கொப்பிக் கணக்காகவே போயிருக்கும்.

சேமலாப நிதி நிலுவையை யார் கையிலும் கொடுக்க முடியாது. நிதிக்குத்தான் செலுத்த வேண்டும். அந்தந்த மாதம் பிடிக்காத 8 வீதத்தை இப்போது ஆட்களின் சம்பளத்திலிருந்து பிடிப்பது நியாயமில்லை என்பதால் இரண்டு பங்கையும் முதலாளியே ஏற்றார். தொழில் அலுவலகத்துக்குத் தானாகவே போய்ப் பேசி, தவணையாகச் செலுத்தத் தொடங்கினார். பிடிபட்டுப் போவதற்கும் தானாகப் போவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அங்கே கண்டேன்.

முற்பணத்துக்கு எல்லை வைத்தோம்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் கழிய வேண்டும், கழிந்த பிறகே அடுத்தது. பெண்கள் இருவர் இதற்கு முகம் சுளித்தார்கள். அவசரத்துக்கு வேறு எங்கே போவது என்று கேட்டார்கள். மருத்துவச் செலவுக்கு மட்டும் விலக்கு வைத்தோம். ஒரு புதியவரின் அடையாள அட்டை முற்பணத்துக்குப் பிணையாக மேசை லாச்சிக்குள் கிடந்தது. அது அன்றைக்கே திரும்பியது.

இரவு வேலைக்கு ஆறு பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேரை வைத்து, ஆளுக்குக் கிழமையில் ஓர் இரவு ஓய்வு என்று முறை போட்டோம். அறைக்குச் சீலிங் அடித்தோம், மூன்று காற்றாடி பூட்டினோம், ஜன்னலை மறித்து நின்ற விறகுக் குவியலை இடம் மாற்றினோம். செலவில் மிகச் சிறியது இதுதான். இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டியதும் இதுதான்.

டிசெம்பரில் முதலாளி ஒரு காரியம் செய்தார். அது என் பட்டியலில் இல்லை. ஏழு வருட பாஸின் வீட்டுக்குத் தானே போனார். கடைசிச் சம்பளம் 38,000. அரை மாதம் 19,000. ஏழு வருடத்துக்கு 133,000 ரூபாய். சட்டப்படி போன 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய பணம். அதைக் கொடுத்துவிட்டு, திரும்பி வா என்று ஒரு சொல் சொல்லாமல், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்.

தொடர்ந்து நடந்தவை

அந்த பாஸ் திரும்பி வரவில்லை. 2024 ஜனவரியில் தன் அக்காவின் மகனை அனுப்பினார். அந்தப் பையன் வந்த முதல் கச்சான் காலத்தில், மா பொங்கும் நேரம் பிசகினால் மாமனுக்கு இரவோடு இரவாகத் தொலைபேசி எடுப்பான். அவரும் எழும்பிச் சொல்லுவார். வேலையை விட்டுப் போனவர் அந்தக் கடைக்கு அந்த வருடம் செய்த உதவியை எந்தச் சம்பளத்தாலும் வாங்க முடியாது.

லீவு முறைக்கு முதல் சோதனை 2024 ஏப்ரலில் வந்தது. நோன்புப் பெருநாளும் சித்திரை வருடமும் ஒரே கிழமையில் விழுந்தன. முன்பெல்லாம் பண்டிகைக் காலத்தில் ஒருவருக்கும் லீவு கிடையாது. வியாபாரம் கூடிய நாட்கள். இம்முறை பெருநாளுக்கு மற்றவர்கள் நின்றார்கள், வருடப் பிறப்பு வேலைகளை முஸ்லிம் பிள்ளைகள் தாங்கினார்கள். வருடப் பிறப்பன்று கடையை ஒரு நாள் மூடினார்கள். முதலாளிக்கு ஞாபகம் தெரிந்த காலத்தில் போறணை அப்படி ஆறியதில்லையாம்.

2024 செப்டெம்பரில் அட்டன் பையன் கட்டாருக்குப் போனான். விசா வருமுன்னே, ஜூனிலேயே, முதலாளியிடம் சொல்லிவிட்டான். தன் இடத்துக்கு வந்தவனுக்கு ஆறு கிழமை பக்கத்தில் நின்று பழக்கினான். மீதியிருந்த முற்பணத்தைக் கேட்காமலே கட்டினான். ஆள் போனதால் இதைத் தோல்வி என்று முதலாளி முதலில் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. 2023இல் போனவர்கள் இரவோடு இரவாகப் போனார்கள். வெளிநாட்டுச் சம்பளத்தோடு ஒரு பேக்கரி போட்டி போட முடியாது. போகிறவர் எப்படிப் போகிறார் என்பதில் கடையின் நடத்தை தெரியும்.

எண்ணிக்கையில் சொன்னால்: 2023இல் எல்லாமாக ஏழு பேர் போனார்கள். 2024இல் போறணைப் பக்கம் அட்டன் பையன் ஒருவன்தான். 2025 ஜூன் வரை அங்கே யாரும் போகவில்லை. ஆனால் ஆட்டோ ஓட்டுபவர்களில் மாற்றம் நிற்கவே இல்லை. சித்திரை பிறந்து உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினால் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் ஓடினால் அவர்களுக்குக் கூடக் கிடைக்கும். நாங்கள் செய்த எதுவும் அதை மாற்றவில்லை. இப்போது அந்த மாதங்களுக்கென்று வேறு ஓட்டுநர்களை முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள்.

லாபம் குறைந்தது. 2024இல் முதல் எட்டு மாதம் கடை கையைக் கடித்தது. நிலாவெளிக் கடை இன்னும் திறக்கவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

நிலுவையை முதலில் தீர்த்திருப்பேன், ஊக்கத்தொகையைக் கடைசியில் வைத்திருப்பேன். அந்த இரண்டு மாதத் தாமதத்தில் போன இருவரும் என் கணக்கில்தான் சேர வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று 2025 ஏப்ரலில் தெரிந்தது. அந்த மாதம் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 17,500இலிருந்து 27,000 ஆனது. பார்த்தால், பொதி கட்டும் நான்கு பெண்களும் 23,000தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டியாயிற்று. ஆனால் இரண்டு வருடமாக இந்தக் கடையில் ஆட்களை எப்படி நிறுத்துவது என்று ஆராய்ந்த நான் அந்த நால்வரிடம் ஒரு முறையும் இருந்து பேசவில்லை. அவர்கள் போகவில்லை, அதனால் கேட்கவில்லை. ஒருவர் 11 வருடமாக அங்கே இருக்கிறார்.

மே மாதம் கேட்டேன். சம்பளத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. மூத்தவர் சொன்னது இதுதான்: “மூண்டு மணிக்கு இங்க நிக்க வேணுமெண்டால் ரெண்டேகாலுக்கு வெளிக்கிட வேணும், தம்பி. மனிசன் இருக்கேக்க கூட வருவார். இப்ப டோர்ச்சும் ஒரு தடியும்தான். நாய்கள்.”

அந்த நேரத்தில் மூன்று ஆட்டோக்களும் கடை வாசலில் சும்மா நிற்கும். 4.30 வரை அவற்றுக்கு வேலையில்லை. ஓட்டுநர் மூவரும் முறை வைத்து ஏற்றி வரச் சம்மதித்தார்கள், மேலதிகமாக மாதம் ஒரு சிறு தொகைக்கு. ஜூன் 1 முதல் அதிகாலை 2.40க்கு ஓர் ஆட்டோ, பாட்டில்லாமல், லிங்கநகர்ப் பக்கம் போய் நால்வரையும் ஏற்றிக்கொண்டு வருகிறது.